கீழ்த்தளத்தில் மலசலகூடம்: பம்பி வாங்க முன் யோசிக்க வேண்டியவை

புறக்கோட்டை, மருதானை, வெள்ளவத்தை எங்கு பார்த்தாலும் ஒரு பேர்ச் காணி விற்கும் விலையில், மேலே மாடி கட்டுவதோடு நில்லாமல் கீழேயும் தோண்டி ஒரு தளம் எடுக்கிறார்கள் நமது வியாபாரிகள். அந்தக் கீழ்த்தளத்தில் ஸ்டோர் இருக்கும், தையல் வேலை நடக்கும், சில இடங்களில் விற்பனையே நடக்கும். அங்கே பத்துப் பேர் வேலை செய்தால் ஒரு மலசலகூடம் வேண்டும். தொழ ஓர் இடம் ஒதுக்கினால் வுழூச் செய்யக் குழாய்களும் வேண்டும். "அதுக்கென்ன முதலாளி, ஒரு பம்பி வெச்சா சரி" என்று பாஸ் சொல்வார். நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு, டைல்ஸ் நிறம் பார்க்கப் போய்விடுவோம்.

நானும் அப்படித் தலையாட்டியவன்தான். 2014ஆம் வருடம் ஒக்டோபர் மாதம், இரவு முழுக்க மழை. காலையில் கடையைத் திறந்து கீழே இறங்கினால் கறுப்புத் தண்ணீர் நாலு அங்குலம் நிற்கிறது. அடுக்கியிருந்த துணிக் கட்டுகளில் அடிவரிசை முழுதும் நாசம். பம்பியோ வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிறகு பார்த்தால் பம்பியில் ஒரு பழுதும் இல்லை. அதைச் சுற்றிச் செய்த வேலைதான் பிழை. துணியில் போன காசைவிடப் பெரிய ஓர் ஆபத்தும் அன்று என் கடை வாசல்வரை வந்து திரும்பியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பம்பி ஏன் தேவைப்படுகிறது?

கழிவுநீர் தானாக மேலே ஏறாது. சரிவு இருந்தால்தான் ஓடும். வீதியில் போகும் மாநகர சபைக் குழாயைவிட நமது மலசலகூடம் தாழ்வாக இருந்தால், கழிவை ஒரு குழியில் சேர்த்து அங்கிருந்து தூக்கித்தான் விட வேண்டும். கொழும்பு நகரத்தின் கழிவுநீர்த் தொகுதியே வெள்ளைக்காரர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. அதிலும் ஆங்காங்கே பம்பி நிலையங்கள் தூக்கிக் கொடுத்துத்தான் கழிவு முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள கடற்குழாய்களுக்குப் போய்ச் சேர்கிறது.

ஆகவே முதற் கேள்வி, பம்பி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதே. மலசலகூடத்தை மேல்தளத்தில் வைக்க முடியுமானால் அங்கேயே வையுங்கள். முடியாது என்றால், கீழ்த்தளத்துக் கழிவு மட்டும் அந்தக் குழிக்குப் போகட்டும். மேல்மாடிக் குழாய்களையும் கூரை மழைநீரையும் அதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால், மின்சாரம் போன நேரத்தில் மேல்மாடியில் ஒருவர் தண்ணீர் ஊற்ற, அது கீழ்த்தளத்தில் உங்கள் சாமான்மீது வந்து நிற்கும்.

எந்த வகைப் பம்பி?

மழைநீர் இறைக்கும் சாதாரண அமிழ்பம்பியைக் குறைந்த விலைக்கு வாங்கி மலக்குழியில் போடுகிறவர்கள் உண்டு. அதன் வாய் சிறியது, சில கிழமைகளில் அடைத்துவிடும். மலசலகூடத்துக்கென்று செய்த பம்பி சுமார் 2 அங்குலப் பருமனுள்ள திண்மத்தையும் விழுங்கி வெளியே தள்ளக்கூடியது. வெளிக்குழாயும் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இன்னொரு வகை, கத்தி வைத்து அரைத்துத் தள்ளும் பம்பி. தூரமும் உயரமும் அதிகமாக இருந்து, ஒடுங்கிய குழாயில் அனுப்ப வேண்டிய இடத்துக்குத்தான் அது பொருத்தம். நகரக் குழாய் இல்லாத ஊர்களில் பம்பியிலிருந்து செப்டிக் டேங்குக்கே அனுப்புகிறோம். அங்கே அரைக்கும் பம்பி வேண்டாம். தூளாக அரைபட்ட கழிவு அடியில் படியாமல் தண்ணீரோடு வெளியேறி, ஊறுகுழியை அடைத்துவிடும்.

பெட்டியில் எழுதியிருப்பதை வாசிப்பது எப்படி?

நாம் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பெட்டியில் "உயரம் 10 மீற்றர், நிமிடத்துக்கு 300 லீற்றர்" என்று இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்த 10 மீற்றர் என்பது தண்ணீர் ஒரு சொட்டும் வெளிவராமல் நிற்கும் உயரம். அந்த 300 லீற்றர் என்பது தூக்கவே தேவையில்லாத இடத்தில் வரும் அளவு. நமக்குத் தேவையானது இடையில் இருக்கிறது. அதைக் காட்டும் வளைகோட்டுப் படம் ஒவ்வொரு பம்பியோடும் உண்டு, கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஓர் உதாரணம். குழியின் அடியிலிருந்து குழாயின் உச்சிவரை 15 அடி என்று வைப்போம். 2 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 150 லீற்றர் போக வேண்டும். குழாயின் நீளமும் எல்போக்களும் சேர்ந்து 65 அடிக்குச் சமம் என்றால், உராய்வுக்காக இன்னும் சுமார் 2 அடி சேரும். மொத்தம் 17 அடி. அப்படியானால் 20 அடி உயரத்தில் 150 லீற்றர் தரும் பம்பியைத் தேட வேண்டும். "ஒரு ஹோர்ஸ் பவர் தாங்க" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் தருவார். வேகம் குறைந்தாலும் பிழை. குழாயில் ஓட்டம் செக்கனுக்கு 2 அடிக்குக் குறைந்தால் திண்மம் உள்ளேயே படிந்து இறுகிவிடும்.

குழி

பிரித்தானியக் கட்டிட விதிகள் வீடுகளுக்கு ஆளுக்கு 150 லீற்றர் வீதம் ஒரு முழு நாள் கழிவைத் தாங்கும் குழி வேண்டும் என்கின்றன. பம்பி நின்றால் ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கடையில் அவ்வளவு செலவாகாது. பத்துப் பேருக்கு ஆளுக்கு 50 லீற்றர் வைத்தால் 500 லீற்றர். 3 அடிக்கு 3 அடி குழியில் ஒவ்வோர் அடி உயரமும் சுமார் 255 லீற்றர் பிடிக்கும். எனவே பம்பி ஓடத் தொடங்கும் மட்டத்துக்கு மேலே 2 அடி வெற்றிடம் இருந்தால் போதும். லுஹர் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக வுழூச் செய்வதையும் கணக்கில் எடுங்கள். பம்பியின் வேகத்தை நாளின் சராசரியை வைத்து முடிவு செய்யக் கூடாது, நெருக்கடியான அந்தக் கால் மணித்தியாலத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

குழியின் சுவர் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். கொழும்பின் தாழ்ந்த இடங்களில் நிலத்தடி நீர் மிக அருகில் நிற்கும். சுவரில் வெடிப்பு இருந்தால் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்து, மின்கட்டணத்தோடு பம்பியின் ஆயுளும் போய்விடும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காற்றுப்போக்கி ஒன்றைத் தனிக் குழாயாகக் கூரைக்கு மேலே கொண்டு போக வேண்டும். அதைக் கடைக்குள்ளோ பக்கத்துக் கடையின் ஜன்னலுக்கோ விடுவது சரியில்லை.

குழாய் வழி: என் கடை மூழ்கிய காரணம்

பம்பியிலிருந்து வரும் குழாயில் முதலில் நொன் ரிட்டர்ன் வால்வு, அதற்கு மேலே கேட் வால்வு, கழற்ற வசதியாக ஒரு யூனியன். இம்மூன்றும் கட்டாயம். நொன் ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால் தூக்கிய கழிவு பம்பி நின்றதும் திரும்பக் குழிக்கே விழும். பம்பி மீண்டும் ஓடும், மீண்டும் விழும். மலக்கழிவுக்கு உள்ளே பந்து வைத்த வால்வே நல்லது, ஸ்பிரிங் வைத்ததில் நூலும் முடியும் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது, குழாயை வீதி மட்டத்துக்கு மேலே ஏற்றி, ஒரு வளைவு கொடுத்துத்தான் நகரக் குழாயோடு சேர்க்க வேண்டும். மழையில் வீதிக் குழாய் நிரம்பினாலும் அந்த வளைவைத் தாண்டித் தண்ணீர் திரும்பாது. என் கடையில் எல்போ இரண்டை மிச்சம்பிடித்து நேராக இணைத்திருந்தார்கள். வால்வில் ஒரு துணித்துண்டு சிக்கித் திறந்தபடி நின்றது. இரண்டும் சேர்ந்த அந்த இரவில், பம்பி தள்ளியதைவிட வீதியிலிருந்து திரும்பி வந்தது அதிகம். 2016 மே வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வளைவின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

மின்சாரமும் மிதவையும்

பம்பியை ஓட்டுவதும் நிறுத்துவதும் மிதவை. அது சுவரிலோ குழாயிலோ உரசாமல் எழுந்து விழ இடம் வேண்டும். பம்பி கெட்டது என்று நாம் முடிவு செய்யும் பல நேரங்களில் கெட்டிருப்பது மிதவைதான். நிறுத்தும் மட்டம் பம்பியின் உடலை மூடி நிற்க வேண்டும். தண்ணீர்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது.

எர்த்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் இந்த வேலையை ஒருபோதும் செய்ய விடாதீர்கள். குழிக்குள் வயர் மூட்டு இருக்கவே கூடாது. ட்ரிப் விழுந்தால் பம்பி சத்தமில்லாமல் நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. ஆகவே சற்று உயரத்தில் இரண்டாவது மிதவை ஒன்றை வைத்து, வேறொரு மின்சுற்றில் மணியோடு இணையுங்கள். செலவு சிறிது, உங்கள் சாமானைக் காப்பது அந்த மணிதான்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுக்க ஒரேயடியாக இருண்டது. ஜெனரேட்டர் இருந்தால் பம்பியையும் அதில் சேருங்கள். ஆனால் பம்பி ஓடத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், ஒரு ஹோர்ஸ் பவர் பம்பிக்குச் சுமார் 3 கேவிஏயாவது தேவை. தொழில் நின்றால் பெரிய நட்டம் வரும் இடத்தில், மாறி மாறி ஓடும் இரண்டு பம்பிகளை வைப்பதே புத்தி.

மாற்ற வேண்டிய நேரம்

முனகுகிறது ஆனால் ஓடவில்லை என்றால் கப்பாசிட்டர் போயிருக்கும் அல்லது உள்ளே ஏதோ இறுகியிருக்கும். ஓடுகிறது ஆனால் மட்டம் குறையவில்லை என்றால் அடைப்பு, காற்றுப் பிடிப்பு அல்லது தேய்மானம். அடிக்கடி ஓடி நின்றால் நொன் ரிட்டர்ன் வால்வு ஒழுகுகிறது. இவற்றைப் பார்க்காமல் புதுப் பம்பி வாங்கினால் பழைய நோய் புதுப் பம்பிக்கும் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பம்பி 7 முதல் 10 வருடம்வரை உழைக்கும். உதிரிப்பாகம் இங்கே கிடைக்கும் பிராண்டையே எடுங்கள். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு சீலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

மாற்றும் முறை இதுதான். மலசலகூடத்தைப் பூட்டுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போடாதபடி செய்யுங்கள். கல்லி பவுசரை அழைத்துக் குழியைக் காலி செய்யுங்கள். கேட் வால்வை மூடி, யூனியனைக் கழற்றி, பம்பியைச் சங்கிலியால் மேலே இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். புதியதை இறக்கிய பின் தண்ணீர் ஊற்றி, மூன்று முறையாவது ஓடி நிற்கிறதா என்று நின்று பாருங்கள். சங்கிலியும் யூனியனும் கை எட்டும் உயரத்தில் இருந்தால், யாரும் குழிக்குள் இறங்கத் தேவையே வராது.

குழிக்குள் இறங்காதீர்கள்

அன்று பவுசர் வந்து குழியைக் காலி செய்த பின், பம்பி அடியில் கிடந்தது. சங்கிலி கட்டியிருக்கவில்லை. கடையில் வேலை செய்த இருபது வயதுப் பிள்ளையிடம் நான்தான் சொன்னேன், "தம்பி, தண்ணி இல்லத்தானே, இறங்கி எடுத்துத் தாங்க." அவரும் களிசானை மடித்துக்கொண்டு காலை வைத்துவிட்டார். அப்போது வந்து சேர்ந்த வயதான பாஸ் ஒருவர் அவரது தோளைப் பிடித்து இழுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "முதலாளி, இதுக்குள்ள இறங்கின ஆள் ஏறி வராது."

மலச்சேற்றைக் கலக்கும்போது ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு கிளம்புகிறது. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை மணம் தரும். அளவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். அதற்கடுத்து மயக்கம். முதலாமவர் விழ, காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் விழுவார். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஓர் இறப்பர் தொழிற்சாலைக் குழியில் ஐவர் இறந்தார்கள். அங்கே இருந்தது அமோனியா, ஆனால் நடந்த விதம் இதேதான். விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே போனார்கள். காலியான குழி என்பதால் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். இறங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், வாயு அளக்கும் கருவியும் சுவாசக் கருவியும் கயிறும் உள்ள பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.

அடிவரிசைத் துணியின் நட்டம் இரண்டு சீசனில் மறந்துபோனது. அந்தப் பிள்ளை இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். வழியில் கண்டால் "நானா, சுகமா?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மடித்த களிசான்தான் நினைவுக்கு வரும். உங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளம் இருந்தால், இந்தக் கிழமையே மூடியைத் திறந்து, மேலே நின்றபடி பாருங்கள். சங்கிலி இருக்கிறதா, மணி இருக்கிறதா, குழாய் வளைவு வீதிக்கு மேலே ஏறுகிறதா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மழைக்கு முன் பாஸை அழையுங்கள்.