வயலிற் கையாந்தகரை

வயல் வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் சிறிய வெண்பூக்களுடன் வளரும் கையாந்தகரையை அறியாத கமக்காரர் இலர். தமிழ்நாட்டில் இதனைக் கரிசலாங்கண்ணி என்பர். தலைக்கு எண்ணெய் காய்ச்சுவோருக்கு இது மூலிகை. நெல் விதைத்தவருக்கோ களை.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பூண்டின் தாவரவியற் பெயர் எக்கிலிற்றா புரொசுத்திராற்றா என்பதாகும். இலைகள் எதிரெதிராக அமைந்து சொரசொரப்பாயிருக்கும். கசக்கிய இலையின் சாறு சிறிது நேரத்திற் கறுக்கும். ஐயமுற்றவர் இதனைக்கொண்டு இனங்காணலாம். வீட்டுத் தோட்டங்களில் மஞ்சட் பூவுடன் படரும் கொடி வேறு இனமாகும்.

இக்களையை அடக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது அதன் விதையின் இயல்பே. இவ்விதை ஒளியின்றி முளைப்பதில்லை. அரைச் சதமமீற்றர் மண் மூடினாலும் நாற்று வெளிவராது. ஆகவே மேற்பரப்பிற் கிடக்கும் விதைகளே தொல்லை தருவன. நாற்று நட்ட வயலில் நெற்பயிர் இதனை முந்தி வளர்ந்துவிடும். வீச்சு விதைப்பில் இரண்டும் ஒருங்கே முளைக்கின்றன. இன்று நம் வயல்களிற் பெரும்பாலானவை வீச்சு விதைப்பு வயல்களே.

எனவே முதலுழவின்பின் நிலத்தை ஈரமாக வைத்து, மேலேயுள்ள விதைகளை முளைக்க விடுக. இரு வாரங்களில் அந்நாற்றுக்களை மேலோட்டமாகக் கிளறி அழித்தபின் நெல்லை விதைக்கலாம். அப்போது ஆழமாகப் புரட்டினால் அடியிற் கிடந்த விதைகள் மேலே வந்துவிடும். செய்த வேலை வீணாகும். வயலை நன்கு மட்டப்படுத்துதலும் அவசியம். நீர் நில்லாத மேட்டுத் திட்டுக்களிலேயே இது அடர்ந்து முளைக்கக் காணலாம்.

மிளகாய், கத்தரிப் பாத்திகளில் வைக்கோலைப் பரப்பினால் ஒளி தடைப்படும், ஈரமும் காக்கப்படும். பிடுங்கிய செடிகளை வாய்க்காலில் எறிதல் ஆகாது. தண்டின் கணுக்கள் ஈரமண்ணில் வேர்விடும். விதைகளோ நீரோடு அடுத்தவர் வயலுக்குச் செல்லும். பூக்குமுன் பிடுங்கி வெயிலில் உலர்த்துவதே நன்று.

களைகொல்லி தெளித்த வயலிலிருந்து எண்ணெய்க்கோ கீரைக்கோ இதனைப் பறித்தல் கூடாது. செடி பசுமையாகத் தோன்றினும் நஞ்சு அதிலிருக்கலாம். தேவையுடையோர் இரண்டொரு செடிகளைக் கிணற்றடியில் நட்டுக்கொள்வாராக. அங்கே அவற்றுக்கு ஈரம் குறையாது.