பேச இயலாதவரின் தாகம்

தண்ணீர் வேண்டுமென்று கேட்பதற்கு நமக்கு ஒரு கணமே போதும். செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் உயிர் தாங்கிக் கிடக்கும் நோயாளிக்கோ அது இயலாத காரியம். வாய்வழியே செலுத்திய குழாய், குரல் நாண்களினூடே சென்று மூச்சுக்குழலில் நிற்கின்றது. ஆகவே அவரால் பேசவும் முடியாது. நீர் பருகவும் முடியாது. ஆனால் உணர்வு விழித்திருத்தல் கூடும். இத்தகையோரின் துன்பத்தைத் தணிப்பது எங்ஙனம்?

இச்சிகிச்சையின் வரலாறே இதற்கு வழிகாட்டும். 1952ஆம் ஆண்டிலே டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொடிதாய்ப் பரவிற்று. பிளெக்டம் வைத்தியசாலையில் மூச்சுத் தசைகள் செயலிழந்தோர் பலர். கருவிகளோ மிகச் சில. பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து நிபுணர், நோயாளியின் கழுத்திலே துளையிட்டுக் குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தும் முறையைக் கையாண்டார். ஏறக்குறைய 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவுபகலாகக் கட்டிலருகே அமர்ந்து பையை அமுக்கினர். அன்று சுவாசக் கருவியாய் விளங்கியது மனிதக் கையே. பின்னர் அக்கையின் வேலையை இயந்திரம் ஏற்றது. நோயாளியின் முகத்தைப் பார்த்திருக்கும் கண்ணின் வேலையை மாத்திரம் அது ஏற்கவில்லை. அது தாதியர்க்கே உரியதாயிற்று.

முதற்றுன்பம் தாகம். குளிர்ந்த நீரிற் தோய்த்த துடைப்பத்தால் வாயை ஈரப்படுத்துதல், சிறிதளவு நீர் தெளித்தல், உதட்டிற்குக் களிம்பு பூசுதல் ஆகிய எளிய செயல்கள், தீவிர சிகிச்சை நோயாளரின் தாகத்தைக் குறைத்தனவென 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று.

அடுத்தது அச்சம். குழாயிலுள்ள சளியை உறிஞ்சி எடுக்கும்போது மூச்சு அடைபட்டாற்போலத் தோன்றும். அதனை முன்னரே அறிவித்து, 15 விநாடிகளுக்கு மேற்படாது முடிப்பது நல்ல தாதியின் வழக்கம். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்தலும், படுக்கைப்புண் உண்டாகாதவாறு உடலைத் திருப்பிக் கிடத்தலும் அவர் கடனே. சுருங்கிய நெற்றியும், இறுகிய கையும், கருவியோடு இசையாத மூச்சும் வலியின் மொழி. அதைப் படித்தறிந்து வைத்தியருக்கு உரைப்பவரும் அவரே.

மூன்றாவது, சொல்ல முடியாமையால் விளையும் தவிப்பு. இதனைத் தீர்ப்பதில் வீட்டாருக்கும் பங்குண்டு. ஒரு வேளையில் ஒரேயொரு வினாவைக் கேளுங்கள். "ஆம்" எனில் கண்ணை ஒருமுறை மூடட்டும், "இல்லை" எனில் இருமுறை மூடட்டும். எழுத வல்லவருக்குத் தாளும் பென்சிலும் கொடுங்கள். இயலாதவருக்குத் தமிழ் எழுத்துக்களும், நீர், வலி, குளிர் முதலியவற்றின் படங்களும் கொண்ட அட்டையைக் காட்டுங்கள். அவரது மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் மறவாது கொண்டு செல்லுங்கள். கண் மூடியிருப்பினும் அவருக்குக் காது கேட்கக்கூடும். ஆதலால், பெயர் சொல்லி அழைத்து, இன்ன நாள், இன்ன வேளை என்று கூறுங்கள். அவர் தலைமாட்டில் நின்று அழுது புலம்பாதீர்கள்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. இரக்கத்தால் ஒரு கரண்டி நீரேனும் நீங்களாகப் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலுட் சென்று பெருங்கேடு விளைக்கும். தாதியிடம் கேளுங்கள். அவர் இசைந்தால், ஈரத் துணியால் அவ்வுதடுகளை நீங்களே நனைக்கலாம். அந்த ஒரு துளி ஈரத்தின் அருமையை, கேட்க வாயின்றிக் கிடப்பவரே அறிவர்.