மத்தி மீன் தீர்ந்துபோகிறதா?



2025ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காந்திபுரத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அந்த வீட்டு அம்மா மத்தி மீனைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஃபாதர், போன வருசம் கிலோ முந்நூறு ரூவா சொன்னாங்க. இப்ப வெலை எறங்கிருச்சு, ஆனா மீனு என்ற விரலு நீளங்கூட இல்லீங்க. கடல்ல மீனே தீந்துபோச்சுங்களா?"

வெள்ளியன்று இறைச்சியைத் தவிர்ப்பவர்கள் நாம். மீனுக்குத் தடை இல்லை என்பதால் தவக்காலத்தில் உக்கடம் மீன் சந்தையில் நம்மவர் முகங்களை நிறையப் பார்க்கலாம். ஏழையின் மீன் என்று பெயரெடுத்தது மத்தி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக லாரியில் நமக்கு வந்து சேர்கிறது. மலையாளத்தில் அதற்குக் 'குடும்பம் புலர்த்தி' என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு. ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்குப் போகிற போக்கில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் கரைக்கு வரும் மீனைக் கணக்கெடுக்கிறது. கேரளத்தில் 2012இல் கிடைத்த மத்தி ஏறக்குறைய 4 லட்சம் டன். 2015இல் அது 70 ஆயிரம் டன்னுக்கும் கீழே போயிற்று. 2021இல் வெறும் 3,297 டன்! நூறு கூடை இறங்கிய துறையில் ஒரு கூடைகூட முழுதாக இறங்கவில்லை என்று பொருள். 1994க்குப் பின் இவ்வளவு மோசமான ஆண்டு இருந்ததில்லை. இத்தோடு நிறுத்திக்கொண்டால், 'பேராசை பிடித்த மனிதன் கடலைக் காலி செய்துவிட்டான்' என்று பிரசங்கம் வைத்துவிடலாம். ஆனால் 2022இல் மத்தி மீண்டும் 1 லட்சம் டன்னைத் தாண்டியது. 2024இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டன்.

எப்படி இது? மத்தி நீண்ட காலம் வாழும் மீன் அல்ல. இரண்டரை, மூன்று ஆண்டுகள்தான் அதன் ஆயுள். ஓராண்டுக்குள் 14, 15 செ.மீ. வளர்ந்து முட்டையிடத் தயாராகிவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆழ்கடலின் குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலெழும்பி வருகிறது. அதில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அதைத் தின்றே குஞ்சுகள் பிழைக்கின்றன. மழையும் கடலின் சூடும் முறை தவறினால் அந்த ஆண்டுக் குஞ்சுகள் பெரும்பாலும் பட்டினியால் மடியும். 2015-16இல் எல் நினோ வெப்பம் வந்தபோது நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இது இன்று நேற்றுக் கதையும் அல்ல. 1887இல் நம் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய ஃபிரடெரிக் நிக்கல்சனே பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்டு, மேற்குக் கரையில் மத்தி எண்ணெய்த் தொழிலைச் சீர்ப்படுத்த முயன்றார். (பருத்திக்காட்டுக்காரரான நமக்கும் மத்திக்கும் இப்படியும் ஓர் உறவு!) 1940களின் தொடக்கத்தில் அந்த மீன் ஏறக்குறைய மறைந்தே போனது. 1943இல் அரசு சிறு மத்தி பிடிப்பதற்கும் சில வலைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. அன்று அந்தக் கரையில் இருந்தவை தோணியும் துடுப்பும்தான்.

அப்படியானால் மீன்பிடிப்புக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. நம் ஊர்க் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மழை பொய்ப்பதற்கு ஆழ்துளைக் கிணறு காரணம் அல்ல. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கி மிச்சத்தையும் உறிஞ்சினால், அடுத்த மழையில் ஊற்று திரும்ப எத்தனை ஆண்டு ஆகும்? கடலிலும் அதுவே. 1980களில் கேரளத்தில் ரிங் வலை பரவியது. ஒரு மீன்கூட்டத்தை முழுவதுமாக வளைத்து அள்ளும் வலை அது. நம் தமிழ்நாடு 2000இல் தடை செய்த சுருக்குமடி வலைக்கு உறவு. மத்திக்கு வறட்சி வந்த ஆண்டுகளிலும் அந்த வலைகளும் படகுகளும் கடன் கட்டியாக வேண்டும். எனவே கடலில் இறங்கியே ஆகவேண்டும். கேரளத்தின் 52 நாள் தடைக்காலம் இழுவைப் படகுகளுக்குத்தான். மத்தி முட்டையிடும் அதே மாதங்களில் ரிங் வலைப் படகுகள் கடலுக்குப் போகலாம். தடைக்காலம் என்றால் எல்லா மீனுக்கும் ஓய்வு என்று நாம் நினைப்பது சரியல்ல.

குஞ்சு மீன்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2015இல் கேரள அரசு 10 செ.மீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று விதித்தது. நல்ல விதி, பலன் தந்திருக்கிறது என்றே சொல்கிறார்கள். ஆனால் 10 செ.மீ. மத்தி இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாதது. 2024 மழைக்குப் பின் குஞ்சுகள் ஏராளமாகப் பெருகி, இரை போதாமல் வளர்ச்சி குன்றி, கரையில் கிலோ 20, 30 ரூபாய்க்கு விழுந்தது. அந்த அம்மாவின் பாத்திரத்தில் இருந்தது அப்படிப்பட்ட மீனாக இருக்கலாம். தட்டுக்கு வராத குஞ்சுகள் மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. நாமக்கல் பக்கத்துக் கோழிகளும் மீன்தூள் தின்பவைதான். ஆகவே மீன் தொடாதவர் வீட்டு முட்டைக்கும் கடலோடு கணக்கு உண்டு.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஸ்டிரைப்டு பாஸ் என்ற மீன் அருகியபோது 1980களின் நடுவில் சில மாநிலங்கள் பிடிப்பதையே நிறுத்தின. 1995இல் அது மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். பிறகு கை தளர்ந்தது. 2019இல் வெளியான மதிப்பீடு மறுபடியும் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதாகச் சொல்லிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பைப் பற்றிக் கவலைப்பட்டது இத்தகைய அனுபவங்களால்தான். அதற்காகக் குமரி முதல் கொல்லம் வரை உள்ள நம் மீனவச் சகோதரர்மேல் பழியைச் சுமத்துவது நியாயம் அல்ல. மீன் இல்லாத 2021இல் முதலில் வெறும் வயிறோடு படுத்தவர்கள் அவர்கள்.

மறுவாரம் அந்த அம்மாவிடம் சொன்னேன்: மத்தி தீர்ந்துவிடவில்லை, ஆனால் கடல் கெடுத்த ஆண்டில் நாமும் சேர்ந்து கெடுத்தால் திரும்பி வரத் தாமதமாகும். உள்ளங்கை அகலத்திற்கும் சிறிய மத்தியாக இருந்தால் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். "என்ற கை சின்னதுங்க ஃபாதர், கடைக்காரர் கையில அளந்துக்கறனுங்க" என்றார்.