கட்டும் முன்பே வீட்டைக் காணலாம்

வீடு கட்டுவது பெரிய காரியம். பல ஆண்டுச் சேமிப்பு அதில் போகிறது. கட்டி முடித்த பிறகு, "சமையலறையில் வெளிச்சமே இல்லையே" என்று வருந்தி என்ன பயன்? சுவரை இடித்தால் மறுபடியும் செலவு.

வீட்டுக்குப் பிளான் உண்டு. அதில் கோடுகளும் எண்களும்தான் இருக்கும். அது எல்லோருக்கும் எளிதில் புரியாது. இங்கே கணினி உதவுகிறது.

எப்படி?

பிளானில் உள்ள அளவுகளைக் கணினியில் கொடுக்கிறார்கள். 10 அடி அகலம், 12 அடி நீளம் என்று அறையை வரைகிறார்கள். கோட்டை மேலே இழுத்தால் சுவர் எழும்புகிறது. கதவு, ஜன்னல், கூரை வைக்கிறார்கள். சுவருக்கு வண்ணமும் கூரைக்கு ஓடும் சேர்க்கிறார்கள். ஸ்கெட்ச்அப், பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் இதற்கு உள்ளன. பிளெண்டர் இலவசமாகவே கிடைக்கிறது.

கடைசியில் வெளிச்சம். ஒளி எதில் படும், நிழல் எங்கே விழும் என்று கணினி கணக்கிடுகிறது. புகைப்படம் போன்ற படம் கிடைக்கிறது. அதைப் பென்சில் ஓவியம் போலவும் மாற்றலாம்.

ஊர், மாதம், நேரம் ஆகியவற்றையும் கொடுக்கலாம். லக்னோ நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் மாத நண்பகலில் அங்கே சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும். தெற்கு ஜன்னல் வழியே இதமான வெயில் உள்ளே வரும். ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு வெயிலைத் தடுக்கும். இரண்டையும் படத்தில் பார்க்கலாம். வீட்டில் சமைக்கும் பெண்ணும், "ஜன்னலை இந்தப் பக்கம் வையுங்கள்" என்று சொல்லலாம். படத்தில் ஜன்னலை மாற்றச் செங்கல்லும் சிமெண்டும் வேண்டாம்.

படத்தை அப்படியே நம்பலாமா?

கூடாது. இல்லாத மரத்தைப் படத்தில் நடலாம். குறுகிய தெருவை அகலமாகக் காட்டலாம். கட்டிலைச் சிறிதாக வரைந்தால் அறை பெரிதாகத் தெரியும். அஸ்திவாரத்தின் பலத்தைப் படம் சொல்லாது. அதை எஞ்சினியரிடம்தான் கேட்க வேண்டும்.

கட்டி விற்கும் வீடுகளுக்கு 2016ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவர் அந்தச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். எனவே விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

படத்தைப் பார்த்து மகிழலாம். ஆனால், பிளானில் உள்ள அளவுகளைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.