தப்பு யார் மேல்? அதை அப்புறம் பார்க்கலாம்... முதலில் நிவாரணம்!

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். 'அப்பாடா' என்று வராந்தா பெஞ்சில் உட்காரும்போதுதான் அடுத்த கவலை வந்து நிற்கும். ஆஸ்பத்திரி பில், மருந்துச் செலவு, நின்றுபோன சம்பளம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ்... பார்க்க வந்த உறவினர்களோ, "கார்க்காரன் மேல தப்பா, நம்ம பையன் மேல தப்பா?" என்று அங்கேயே விசாரணை நடத்திக்கொண்டிருப்பார்கள்.

"தப்பு யார் மேல்னு கோர்ட்டில் நிரூபித்து, பணம் வர்றதுக்குள்ள வருஷக்கணக்காகிடுமே!" என்பதுதான் பல குடும்பங்களின் பயம். நியாயமான பயம்தான். ஆனால், யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே கிடைக்கக்கூடிய இழப்பீடும் நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கெடுவும் இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போடும் முன் நாம் யோசிக்க வேண்டிய முக்கியமான விஷயமும் ஒன்று இருக்கிறது.

அது என்ன இழப்பீடு?

மற்றொருவர் வாகனத்தால் நமக்கு அடிபட்டால், அந்த வாகனத்தின் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் பணம் தர வேண்டும். அதற்கு, டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்ட வேண்டும். இதுதான் பொதுவான வழி. ஆனால் பார்த்த சாட்சி இல்லாதபோது என்ன செய்வது? இதற்காகவே 1982-ல் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். 1994-ல் இது முறையே 50,000, 25,000 ஆனது.

2019-ல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் புதிய 164-வது பிரிவைக் கொண்டுவந்தார்கள். இதன்படி உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். டிரைவர் மேல் தப்பு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வாகனத்தால் விபத்து நடந்தது, அதனால் இந்தக் காயம் ஏற்பட்டது என்று காட்டினால் போதும்.

கொடுங்காயம் என்றதும் கை கால் போய்விட வேண்டும் என்று நினைக்காதீர்கள். எலும்பு முறிவு, மூட்டு நழுவுதல், பல் உடைதல்கூட இதில் சேரும். பார்வையோ கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, முகத்தில் நிரந்தர விகாரம், உயிருக்கு ஆபத்தான காயம் ஆகியவையும் உண்டு. 15 நாட்கள் கடும் வலியோடு அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடந்தாலும் அது கொடுங்காயம்தான்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை

"போலீஸ், கேஸ்னு அலைய முடியாது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லிடலாம்" என்று சிலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அட்மிஷன் சமயத்தில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டில் 'வழுக்கி விழுந்தார்' என்று ஏறிவிட்டால், பிறகு அது சாலை விபத்து என்று நம்ப வைப்பது பெரும்பாடு. எந்த இடம், எத்தனை மணி, எந்த வாகனம் மோதியது என்று தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள்.

இந்தப் பேப்பர்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்:

* விபத்துப் பதிவேட்டின் நகல், டாக்டர் தரும் காயச் சான்றிதழ்
* எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களும் அவற்றின் ரிப்போர்ட்டும். சின்ன விரிசலாக இருந்தாலும் எலும்பு முறிவு என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்
* டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து, பிசியோதெரபி பில்கள் (ஒரிஜினல்)
* எஃப்.ஐ.ஆர். நகல்
* மோதிய வாகனத்தின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் விவரம்
* சம்பளச் சான்று, வேலைக்குப் போகாத நாட்களுக்கான கடிதம்

முதல் சில நாள் சிகிச்சைக்கு...

இழப்பீடு வரும்வரை சிகிச்சை காத்திருக்காது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் இது. முதலில் 1 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எவ்வளவு வருமானம் உள்ளவர் என்ற பேதம் இதில் கிடையாது. மத்திய அரசும் 2025 மே மாதம், விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தை அறிவித்தது.

இரண்டுமே திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளுக்கானவை. அதனால் அட்மிஷன் கவுன்ட்டரிலேயே, "விபத்துத் திட்டத்தில் இந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

நாள் கணக்கு இதோ!

இழப்பீட்டு விஷயத்தில் காலண்டர்தான் உங்கள் முதல் துணை. 2022-ல் வந்த விதிகளின்படி:

* 48 மணி நேரத்துக்குள்: போலீஸ் தன் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும்.
* 10 நாட்களுக்குள்: அடிபட்டவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்ற படிவத்தை விசாரணை அதிகாரி உங்களிடம் தர வேண்டும்.
* 50 நாட்களுக்குள்: இடைக்கால அறிக்கை.
* 90 நாட்களுக்குள்: விரிவான விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.
* அடுத்த 30 நாட்களுக்குள்: எவ்வளவு தருகிறோம் என்று கம்பெனியின் அதிகாரி சொல்ல வேண்டும்.
* நீங்கள் ஒப்புக்கொண்டு தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்தால், அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்.

கூட்டிப் பார்த்தால், எல்லாம் சரியாக நடந்தாலே ஐந்து மாதம் ஆகிறது. இன்னொரு பக்கம், 2019 திருத்தம் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது. 'போலீஸ் அறிக்கை வரட்டும், பார்த்துக்கலாம்' என்று சும்மா இருந்தால் கெடு நெருங்கிவிடும். மூன்றாவது மாதத்திலேயே அறிக்கை போய்விட்டதா என்று ஸ்டேஷனில் விசாரியுங்கள். போகவில்லை என்றால் வக்கீல் மூலம் நீங்களே மனு போட்டுவிடுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்த வழக்குகளை விசாரிக்கிறது.

ஆறு மாதம் தாண்டிவிட்டதா? அவ்வளவுதான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. உடனே வக்கீலைப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன்!

இனி, முதலில் சொன்ன அந்த முக்கியமான விஷயம். பழைய சட்டத்தில் 50,000 ரூபாயை இடைக்கால நிவாரணமாக வாங்கிக்கொண்டு, பெரிய தொகைக்கான வழக்கையும் நடத்தலாம். இப்போது அப்படியில்லை. சமரச நடைமுறைப்படி 164-வது பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டால், அந்த விபத்துக்காகத் தீர்ப்பாயத்தில் போட்ட இழப்பீட்டு மனு அத்தோடு முடிந்துவிடும். சீக்கிரம் வரும் பணத்துக்கு இதுதான் விலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 35 வயதில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம் 30,000. மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். அவர் விபத்தில் இறந்துவிட்டார். எதிர் வாகன டிரைவர் மேல் தப்பு என்பதும் தெளிவு. உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் வகுத்த முறைப்படி கணக்கு இப்படிப் போகும்: ஆண்டு வருமானம் 3,60,000. எதிர்கால உயர்வுக்காக 50 சதவீதம் சேர்த்தால் 5,40,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 4,05,000. 35 வயதுக்கான பெருக்கல் எண் 16. ஆக மொத்தம் 64,80,000 ரூபாய்! வருமான வரி இருந்தால் கொஞ்சம் குறையும். இந்த வழக்கை விட்டுவிட்டு, அவசரத்தில் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

மறுபக்கத்தையும் பாருங்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்து இரண்டே மாதத்தில் கூடிவிட்டது, செலவும் அதிகமில்லை. அல்லது, நம் ஆள் மேலேயே பாதித் தப்பு, சாட்சியும் இல்லை. இந்த மாதிரி சமயத்தில் வழக்கு நடத்தினால் 2.5 லட்சத்தைவிடக் குறைவாகவே தீர்ப்பாகலாம். அப்போது 164-வது பிரிவுதான் புத்திசாலித்தனம்.

தலையில் அடி, முதுகுத்தண்டு காயம், இன்னொரு ஆபரேஷன் பாக்கி என்றால் மட்டும் அவசரப்படவே வேண்டாம். பின்னால் என்ன செலவு வரும், எவ்வளவு ஊனம் நிற்கும் என்று சிகிச்சை தரும் டாக்டரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

சில சந்தேகங்கள்

*இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். வண்டி நம்பரே தெரியாது. என்ன செய்வது?*

அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்து, உங்கள் பகுதி விசாரணை அதிகாரியிடம் (பெரும்பாலும் வருவாய்த் துறை அதிகாரி) மனு கொடுங்கள். கலெக்டர் உத்தரவு போட்டதும் பணம் பாங்க் கணக்கில் வரும். பிறகு வாகனம் பிடிபட்டு அதிக இழப்பீடு கிடைத்தால், வாங்கிய தொகையைத் திருப்ப வேண்டும்.

*என் காரை நானே மரத்தில் மோதிவிட்டேன். எனக்கு 164-ல் கிடைக்குமா?*

கிடைக்காது. உங்கள் வண்டியின் மூன்றாம் நபர் பாலிசி அடுத்தவருக்கானது. உங்களுக்குக் கைகொடுப்பது வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. இந்தத் தொகை உயரக் காரணம் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவுதான். இதிலும் தப்பு யார் மேல் என்று பார்ப்பதில்லை. ஆனால் உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். உயிரிழப்புக்கும், இரண்டு கை கால்களையோ இரு கண் பார்வையையோ இழந்தாலும் முழுத் தொகை. ஒரு கை, கால் அல்லது ஒரு கண் என்றால் பாதி. வெறும் எலும்பு முறிவுக்கு இதில் பணம் வராது.

*தீர்ப்பு வந்த பிறகும் கம்பெனி இழுத்தடித்தால்?*

தீர்ப்பு அறிவித்த 30 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது சட்டம். வட்டியும் சேர்த்துத் தரச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அப்படியும் கட்டாவிட்டால், தீர்ப்பாயத்தில் சான்றிதழ் வாங்கி, நிலவரி பாக்கி மாதிரி கலெக்டர் மூலம் வசூலிக்கலாம். உங்கள் சொந்தத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் தாமதம் என்றால், முதலில் கம்பெனிக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

*வக்கீல் வைக்க வசதியில்லையே?*

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கணவரை இழந்து நிற்கும் ஒரு பெண் தானே மனுக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் எப்படி?

பிள்ளைகள் அங்கே இருந்தால் இது உங்களுக்கும் உதவும். நியூயார்க், மிச்சிகன் போன்ற மாநிலங்களில், தப்பு யார் மேல் இருந்தாலும் அடிபட்டவரின் சிகிச்சைச் செலவையும் சம்பள இழப்பில் ஒரு பகுதியையும் கார் இன்ஷூரன்ஸ் தந்துவிடும். உரிய ஆவணம் கிடைத்த 30 நாட்களுக்குள் தராவிட்டால் வட்டி ஏறும். நியூயார்க்கில் மாதத்துக்கு 2 சதவீதம். மிச்சிகனில் ஆண்டுக்கு 12 சதவீதம். தாமதித்தால் கம்பெனிக்குத்தான் கையைக் கடிக்கும்!

இன்றைக்கே ஒரு வேலை

பீரோவில் இருக்கும் உங்கள் வண்டி பாலிசியை வெளியே எடுங்கள். காலாவதி தேதி எப்போது? 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா? மூன்றாம் நபர் பாலிசி மட்டுமா, முழுப் பாலிசியா? மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால், உங்கள் காரில் உடன் வருபவர்களுக்கும் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காருபவருக்கும் பாதுகாப்பு உண்டா என்று கம்பெனியில் கேட்டு எழுதி வாங்குங்கள். பாலிசி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். ஆபத்து சமயத்தில் தேடப்போகிறவர் அவர்தான்.