ஒளிநாள் தூரத்தில் வாயேஜர்

அமெரிக்காவின் பசடேனா நகரில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாயேஜர் 1 விண்கலத்துக்கு ஒரு கட்டளை அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது கலத்தைச் சென்றடையும்போது செவ்வாய்க்கிழமை காலை ஆகிவிடும். கலம் அனுப்பும் பதில் பசடேனாவுக்குக் கிடைப்பது புதன்கிழமை காலை. இத்தனைக்கும் அந்தச் சேதி போய்வருவது ஒளியின் வேகத்தில், நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்.

மனிதர்கள் செய்த பொருள்களில் பூமியைவிட்டு மிகத் தொலைவில் இருப்பது இந்தக் கலம்தான். 2,500 கோடி கிலோமீட்டரை ஏற்கெனவே தாண்டிவிட்டது. ஒளி ஒரு முழு நாள் ஓடிக் கடக்கிற தூரம் சுமார் 2,590 கோடி கிலோமீட்டர். 2026 நவம்பர் நடுவில் வாயேஜர் 1 அந்தத் தூரத்தையும் எட்டும் என்பது கணக்கு. கிளம்பிய நாளிலிருந்து அதற்குப் பிடித்த காலம் 49 ஆண்டுகள்.

நமக்குப் பழக்கமான தூரங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சந்திரயான் போன நிலவு 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில் இருக்கிறது, ஒளிக்கு ஒன்றேகால் நொடிப் பயணம். மனிதர்கள் நேரில் போய்வந்ததும் அந்த நிலவுப் பக்கம் வரைதான். சூரியனைக் கவனித்துக்கொண்டிருக்கும் நம் ஆதித்யா எல்1 இருப்பது 15 லட்சம் கிலோமீட்டரில், ஐந்து நொடி. சூரியன் 15 கோடி கிலோமீட்டர், எட்டு நிமிடம் இருபது நொடி. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் கலம் புளூட்டோவைக் கடந்தபோது அதன் சேதி நமக்கு வர நாலரை மணி நேரம் பிடித்தது. வாயேஜர் 1-இன் சேதிக்கு இன்று ஏறக்குறைய ஒரு நாள்.

இவ்வளவு தூரம் போகும் வேகத்தை அதற்குக் கொடுத்தது ராக்கெட் மட்டும் இல்லை. 1977 செப்டம்பர் 5 அன்று கேப் கனாவரலிலிருந்து அதைத் தூக்கிச் சென்ற டைட்டன் ராக்கெட்டின் சக்தியோடு விட்டிருந்தால், கலம் வியாழனைத் தாண்டிக் கொஞ்சம் போய், சூரியனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியிருக்கும். மிச்ச வேகம் வியாழனும் சனியும் கொடுத்தது. சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் வியாழனுக்குப் பின்பக்கமாக ஒரு கலம் நெருங்கிப் போனால், கோளின் ஈர்ப்பு அதன் பாதையை வளைத்து, தன் ஓட்டத்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்து வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாக வியாழனின் வேகம் குறையும். ஆனால் அதன் பிரமாண்டமான எடைக்கு முன்னால் 800 கிலோ சொச்சமுள்ள ஒரு கலத்துக்குக் கொடுத்தது கணக்கிலேயே வராது. ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கேரி ஃபிளாண்ட்ரோ என்ற மாணவர் 1965-இல் ஒன்றைக் கவனித்தார். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும் ஒரே கலம் அடுத்தடுத்துத் தொட்டுப் போகும்படி அமையும் வாய்ப்பு 1970-களின் இறுதியில் வருகிறது. அதை விட்டால் இன்னும் 176 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த வாய்ப்பைப் பிடிக்கத்தான் இரண்டு வாயேஜர்கள் கட்டப்பட்டன. நாசாவுக்குக் கிடைத்த அனுமதியோ வியாழன், சனி இரண்டுக்கு மட்டும். ஐந்து ஆண்டு உழைத்தால் போதும் என்று கட்டியவை அவை. கடைசி நேரத்தில் வியாழனின் கதிர்வீச்சிலிருந்து வெளிப்புற கேபிள்களைக் காப்பாற்ற, சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளைக் கீற்று கீற்றாகச் சுற்றி அனுப்பினார்கள்.

இரண்டில் முதலில் கிளம்பியது வாயேஜர் 2, ஆகஸ்ட் 20 அன்று. பதினாறு நாள் பிந்திக் கிளம்பிய வாயேஜர் 1 குறுக்கான, வேகமான பாதையில் போய் அந்த டிசம்பரிலேயே அதை முந்தியது. 1979 மார்ச்சில் வியாழன், 1980 நவம்பரில் சனி. சனியைப் பொறுத்தவரை ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பாதையை ஒருவிதமாக அமைத்தால் புளூட்டோ வரை போகலாம். இன்னொரு விதமாக அமைத்தால், கனத்த வளிமண்டலம் சூழ்ந்த டைட்டன் என்ற சனியின் துணைக்கோளை அருகில் பார்க்கலாம். அதன்பின் வேறு எந்தக் கோளையும் பார்க்க முடியாது. விஞ்ஞானிகள் டைட்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் விளைவாகக் கோள்கள் ஓடும் தளத்தைவிட்டு வடக்கே தூக்கி எறியப்பட்ட கலம் இன்றும் அந்தத் திசையில், நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வாயேஜர் 2 யுரேனஸையும் நெப்டியூனையும் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பியது. அந்த இரண்டு கோள்களையும் அருகில் போய்ப் பார்த்த ஒரே கலம் இன்றுவரை அதுதான்.

வேகமும் தூரமும் ஒன்றல்ல என்பதை இரண்டு கலங்கள் காட்டுகின்றன. மனிதர்கள் செய்ததிலேயே மிக வேகமானது பார்க்கர் சூரியக் கலம். 2024 டிசம்பரில் அது மணிக்கு ஆறு லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஆனால் அது சூரியனைச் சுற்றிச் சுற்றி வருவது, எங்கேயும் வெளியே போகாது. 2006 ஜனவரியில் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் பூமியைவிட்டு நீங்கும்போது வாயேஜரைவிட வேகமாக இருந்தது. அதற்கு வியாழனின் உதவி மட்டுமே கிடைத்தது, சனியின் உதவி இல்லை. இன்று அதன் வேகம் நொடிக்கு 14 கிலோமீட்டருக்கும் குறைவு. இதுவரை ஏவப்பட்ட எந்தக் கலமும் வாயேஜர் 1-ஐ முந்தப்போவதில்லை. அதற்கு முன்னால் போன பயனீர் 10-ஐ வாயேஜர் 1 முந்தியது 1998 பிப்ரவரி 17 அன்று. பயனீர் 10-இன் குரல் 2003 ஜனவரியில் கடைசியாகக் கேட்டது. பயனீர் 11 அதற்கு முன்பே, 1995-இல் ஓய்ந்துவிட்டது. இரண்டும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, நம்மிடம் பேசுவதில்லை.

இன்னொரு விசித்திரம். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர், வாயேஜரின் வேகத்தைவிட அதிகம். அதனால் ஒவ்வொரு ஆண்டும் சில மாதங்கள் நாம் கலம் இருக்கும் பக்கமாக ஓடுகிறோம், நமக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைகிறது. பிறகு பூமி மறுபக்கம் திரும்ப, விட்டதையெல்லாம் சேர்த்து தூரம் ஏறிவிடுகிறது. சூரியனிலிருந்து பார்த்தால் அது ஒருநாளும் குறைவதில்லை.

2012 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 1, சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி, நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்தது. அங்கே எல்லைக்கல் எதுவும் கிடையாது. தாண்டியதை நேரடியாகச் சொல்லியிருக்க வேண்டிய பிளாஸ்மா கருவி 1980-இலேயே செயலிழந்துவிட்டது. உதவிக்கு வந்தது சூரியன். 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த பெரும் வெடிப்பின் அலை ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து 2013 ஏப்ரலில் கலத்தை அடைந்தது. கலத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்மா, அதாவது மின்துகள்களின் கூட்டம், அதிர்ந்தது. அந்த அதிர்வெண்ணை வைத்து அயோவா பல்கலைக்கழகத்தின் டான் கர்னெட் குழுவினர் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். சூரியக் காற்றின் விளிம்பில் இருந்ததைவிட 40 மடங்குக்கும் அதிகம். அவ்வளவு அடர்த்தி எல்லைக்கு வெளியேதான் இருக்க முடியும், அப்படியானால் கலம் ஏற்கெனவே வெளியே இருக்கிறது என்று பொருள். பின்னோக்கிக் கணக்குப் போட்டு நாளைக் குறித்தார்கள். 2018 நவம்பர் 5 அன்று வாயேஜர் 2-உம் எல்லையைத் தாண்டியது.

தூரத்தைவிட என்னைப் பெரிதும் வியக்கவைப்பது, அங்கிருந்து வரும் குரலை நாம் இன்னும் கேட்கிறோம் என்பது. கலத்தின் டிரான்ஸ்மிட்டருக்குச் சக்தி சுமார் 23 வாட். ஃபிரிஜ்ஜைத் திறந்தால் எரியுமே, அந்தக் குண்டு பல்பின் அளவு. அதை 3.7 மீட்டர் ஆன்டெனா பூமியின் பக்கம் குவித்து அனுப்புகிறது. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களிலும் 70 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாக்கள் அமைந்திருக்கின்றன. அவற்றில் வந்து விழும் சக்தி, ஒரு வாட்டை நூறு கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பதைவிடக் குறைவு. வரும் தகவல் நொடிக்கு 160 பிட். கைபேசியில் எடுத்த மூன்று எம்பி படம் ஒன்றை இந்த வேகத்தில் அனுப்பினால் ஒன்றரை நாளுக்கு மேல் பிடிக்கும்.

2023 ஜூலையில் தவறுதலாகப் போன ஒரு கட்டளையால் வாயேஜர் 2-இன் ஆன்டெனா இரண்டே டிகிரி விலகியது. அந்த இரண்டு டிகிரிக்குக் குரல் அறுந்துபோனது. தெற்கே இருக்கும் அந்தக் கலத்துக்குக் கட்டளை அனுப்ப கான்பெரா ஆன்டெனா ஒன்றால்தான் முடியும். முழுச் சக்தியையும் கூட்டி அங்கிருந்து 'திரும்பு' என்று கத்தினார்கள். முப்பத்தேழு மணி நேரம் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று கலம் மறுபடி பேசியது.

அதே ஆண்டு நவம்பரில் வாயேஜர் 1-க்கு வந்த கோளாறு இன்னும் கடினமானது. சிக்னல் வந்தது, ஆனால் அதில் பொருள் இல்லை. ஒன்றும் பூஜ்யமும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. தகவல்களைத் தொகுத்துப் பூமிக்கு அனுப்பும் கணினி பழுதாகியிருந்தது. அதை வடிவமைத்த பொறியாளர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பலர் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தவை பழைய காகித ஆவணங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர இரண்டு நாள். 2024 மார்ச்சில் அனுப்பிய ஒரு சோதனைக் கட்டளைக்குப் பதிலாக வழக்கத்துக்கு மாறான ஒரு சிக்னல் வந்தது. அதைப் பிரித்துப் படித்தபோது கணினியின் மெமரி முழுவதும் அதில் இருந்தது. பழைய மெமரிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு சிப் செத்துப்போய், மெமரியில் சுமார் மூன்று சதவீதம் கெட்டிருந்தது தெரிந்தது.

2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய் சிப்பை மாற்ற முடியாது. அதில் இருந்த புரோகிராமை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். அது மொத்தமாக அடங்கும் அளவுக்குக் காலி இடம் எங்குமே இல்லை. ஆகவே புரோகிராமைத் துண்டுகளாக வெட்டி, கிடைத்த சந்துகளில் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடித்து ஒரே புரோகிராமாக ஓடும்படி திருத்தி எழுதினார்கள். ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பினார்கள். 20-ஆம் தேதி கலத்தின் உடல்நிலைத் தகவல்கள் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒழுங்காக வந்தன. அப்போது இயக்கத்தில் இருந்த நான்கு அறிவியல் கருவிகளும் ஜூனில் வேலைக்குத் திரும்பின. 1972 முதல் ஐம்பது ஆண்டுகள் இத்திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த எட் ஸ்டோன் அந்த ஜூனில்தான் காலமானார்.

கலத்தில் ஒட்டிச் சென்ற, தங்கமுலாம் பூசிய ஒலித்தட்டைப் பற்றிப் பலருக்கும் தெரியும். வானியலாளர் கார்ல் சேகன் குழு தயாரித்தது, 55 மொழிகளில் வாழ்த்து. பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராகப் பாட்டும் அதில் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இடம்பெற்ற அந்த 55-இல் தமிழ் இல்லை. அவசரத்தில் தொகுத்ததுதான் என்றாலும், தமிழ் வாசகருக்கு அது மனக்குறைதான்.

வாயேஜரின் மின்சாரம் புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து வருவது. 1977-இல் 470 வாட் இருந்தது. ஆண்டுக்கு நான்கு வாட் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் ஹீட்டர்களையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-இன் காஸ்மிக் கதிர்க் கருவியை அணைத்தார்கள், மார்ச்சில் வாயேஜர் 2-இல் இன்னொன்றை. 2030-களிலும் ஒரு கருவியாவது இயங்க வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. அதற்குப் பிறகும் கலம் ஓடும். சுமார் 300 ஆண்டுகளில், வால்நட்சத்திரங்கள் மொய்த்திருக்கும் ஊர்ட் மேகத்தின் உள்விளிம்பைத் தொடும். சூரியனின் ஈர்ப்புக்கு உட்பட்ட அந்த மேகத்தைக் கடக்க 30,000 ஆண்டுகள் ஆகலாம். ஆகவே சூரியக் குடும்பத்தைவிட்டே அது வெளியேறிவிட்டதாகச் சொல்வது அவசரப் பேச்சு. சூரியக் காற்றைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஒளிநாளுக்கு 49 ஆண்டு எடுத்துக்கொண்ட கலத்துக்கு ஓர் ஒளியாண்டைக் கடக்க 17,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். மிக அருகிலுள்ள நட்சத்திரமோ நாலேகால் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

நியூ ஹொரைசன்ஸ் கிளம்பி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் இப்படி வெளியே போகும் பாதையில் ஒரு கலத்தைக்கூட எந்த நாடும் அனுப்பவில்லை. நான்கு கோள்களும் மறுபடி அப்படி அமைவது அடுத்த நூற்றாண்டில். ஆனால் வெளியே போக நான்கும் தேவையில்லை, வியாழன் ஒன்றே போதும். வியாழனுக்குக் கலம் அனுப்ப ஏற்ற வேளை 13 மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. இன்று அனுப்பினால்கூட அது வாயேஜர் இருக்கும் இடத்தைப் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். திட்டம் தீட்டுகிறவர் பலனைப் பார்க்கமாட்டார் என்பது தெரிந்தே பணம் ஒதுக்க வேண்டிய வேலை இது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் போட்டி போடும் நாடுகள், இந்தியாவும் சேர்ந்துதான், இதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். வாயேஜரின் குரல் ஓய்வதற்குள் அடுத்த கலம் கிளம்பியிருக்க வேண்டும்.