பிரிட்ஜின் பொத்தான்கள் வேலை செய்யவில்லையா?

மின்வெட்டுக்குப் பின் பிரிட்ஜ் கதவில் தண்ணீர், ஐஸ் தரும் பொத்தான்கள் இயங்காவிட்டால், 'போர்ட் போய்விட்டது' என்பதை உடனே நம்பவேண்டாம். பொத்தான்கள் நின்றாலும் உள்ளே குளிர் இருக்கலாம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று முதலில் வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

பூட்டு அடையாளம் எரிகிறதா? பிள்ளைகளின் கை பட்டிருக்கும். பல மாடல்களில் அந்தப் பொத்தானை 3 செக்கன் அழுத்திப் பிடித்தால் திறக்கும். இல்லையேல் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

விளக்கே எரியாவிட்டால் கதவின் பிணைச்சலைக் கவனியுங்கள். வயர்கள் பெரும்பாலும் அதற்குள்ளால்தான் போகின்றன. திறந்து மூடியே அறுந்துவிடும். மின்வேலை தெரிந்தவர் ஒட்டித்தருவார். புது போர்ட்டின் விலைக்கு இது ஒன்றுமேயில்லை. பிளக்கைக் கழற்றாமல் மட்டும் மூடியைத் திறக்கவேண்டாம்.